இனாமாக வரும் ஐவர் ஆட்டம்

கரோல்பாக் ஆனாலும் மயூர் விஹார் ஆனாலும், டில்லித் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் வாயில் இப்போது அடிபடும் சொல் 'முன்பதிவு'. ஊருக்குப் போகும் ரயிலுக்கு அல்ல. இன்னும் வெளிவராத செல்போன் விளையாட்டுக்கு! கட்டணம் கிடையாதாம். முன்கூட்டிப் பெயர் பதிந்தால் பரிசும் உண்டாம். ரயிலில் முந்தினால்தான் இடம்; இதிலோ எத்தனை பேர் வந்தாலும் 'வெயிட்டிங் லிஸ்ட்' இல்லை. பின் ஏன் அவசரம்? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பத்துப் பேர் வேண்டும். கூட்டம் திரளாவிட்டால் கடை நடக்காது.

ஆட்டம் இதுதான். இரண்டு கட்சி, கட்சிக்கு ஐவர். மூன்று பாதைகள், வழிநெடுகக் காவல் கோபுரங்கள், இரு கோடியிலும் கோட்டை. எதிரியின் கோட்டையை இடித்தவர் ஜெயித்தவர். 2003-ல் 'வார்கிராஃப்ட் 3' என்ற விளையாட்டை ரசிகர்களே மாற்றியமைக்கப் பிறந்த 'டோட்டா' இவ்வகையைப் பிரபலமாக்கியது. 2009-ல் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்', 2013-ல் 'டோட்டா 2', 2021-ல் சற்றே மாறுபட்ட 'போக்கிமான் யுனைட்' எல்லாம் இனாமாகவே வந்தன.

இனாம் என்றால் கம்பெனி எப்படிப் பிழைக்கிறது? வீரனுக்கு மாட்டும் புதுச் சட்டைக்குக் காசு. பெரும்பாலும் சட்டையால் பலம் கூடாது, பகட்டுதான் கூடும். ஆனாலும் வாங்குகிறார்கள். 2021-ல் நடந்த 'டோட்டா 2' உலகப் போட்டியின் பரிசுத் தொகை சுமார் 4 கோடி டாலர். அதில் பெரும்பகுதி, ரசிகர்கள் வாங்கிய இத்தகைய சரக்குகளின் விலையில் கால் பங்கை ஒதுக்கிச் சேர்த்தது. மிச்சம் முக்கால் பங்கு யாருக்கு என்று சொல்ல வேண்டுமா?

2020 ஜூன் 29 அன்று 'மொபைல் லெஜண்ட்ஸ்', செப்டம்பர் 2 அன்று 'அரீனா ஆஃப் வேலர்' என இவ்வகை ஆட்டங்கள் இரண்டை மத்திய அரசு தடை செய்தது. கடையே மூடிய பிறகு வாங்கிய சட்டையை எங்கே போட்டுக்கொள்வது? 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், காசு கட்டிக் காசு ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடுக்கிறது. இந்தச் சட்டை வியாபாரம் அந்தக் கணக்கில் வராது. ஆகவே சம்பளக் கணக்கு இணைந்த போனைப் பிள்ளையிடம் கொடுக்குமுன், கடவுச்சொல் கேட்காமல் எதையும் வாங்க முடியாதபடி அமைத்துவிடுவது நல்லது.

அதற்காக இது வெறும் வீண் பொழுது என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. 2022-ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் நம் 'டோட்டா 2' அணி நியூஸிலாந்தை வென்று வெண்கலம் பெற்றது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் இவ்வகை ஆட்டத்துக்குப் பதக்கம் இருந்தது.

சாப்பிடக் கூப்பிட்டால் பையன் எழுந்து வராததற்கும் காரணம் உண்டு. பாதியில் ஒருவன் போனால் மற்ற நால்வர் தவிப்பார்கள். ஓடிப்போனவனுக்குத் தண்டனையும் உண்டு. 'போக்கிமான் யுனைட்' பத்து நிமிஷத்தில் முடியும். 'டோட்டா 2' முக்கால் மணி வரை இழுக்கும். எது நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு அடுப்பில் சப்பாத்தியைப் போடலாம்.