தண்ணீரைப் பார்க்கும் கண்

பொன்முடி பஸ் கல்லாற்றில் நின்றது. டீக்கடையில், எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்த திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"தும்பாவிலே செய்யற ராக்கெட் சாமானைக் கல்பாக்கத்துக்கு ஏன் தம்பி கொண்டு போறாங்க?"

"முழு ராக்கெட் இல்லை அண்ணாச்சி. வெடிமருந்து அடைத்த சிறு சாதனங்கள்" என்றேன்.

ராக்கெட்டின் அடுக்குகள் உரிய நேரத்தில் பிரிய அந்தச் சாதனம் வெடிக்க வேண்டும். உள்ளே மருந்தில் இடைவெளி இருந்தால் ஆயிரம் பேர் உழைப்பும் கடலில்தான். வெடித்துப் பார்த்துச் சோதிக்கவும் வழியில்லை. எக்ஸ்ரே எடுத்தால் உலோகக் கூடுதான் நன்றாகத் தெரியும்; மருந்து தெளிவாகத் தெரியாது.

கல்லாற்றையே பாருங்கள். மேலே தண்ணீர், அடியில் உருண்டைக் கற்கள். எக்ஸ்ரேயை அதிகம் மறைப்பது கல். நியூட்ரானை அதிகம் மறைப்பதோ ஹைட்ரஜன் உள்ள தண்ணீர்! மருந்திலும் ஹைட்ரஜன் உண்டு. ஆகவே கூட்டை ஊடுருவும் நியூட்ரான் மருந்தைக் காட்டிக் கொடுக்கிறது.

கல்பாக்கத்தில் 1996ல் இயங்கத் தொடங்கிய 'காமினி' உலையில் இப்படிப் படம் எடுத்திருக்கிறார்கள். அதன் எரிபொருள் யுரேனியம்-233, தோரியத்திலிருந்து செய்வது. தோரியம் நம் மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மோனசைட் மணலில் இருக்கும் சரக்கு.

நியூட்ரானைப் பிடிப்பதுதான் கஷ்டம். 1932ல் சாட்விக் கண்டுபிடித்த இந்தத் துகளுக்கு மின்னூட்டம் கிடையாது. ரயில்வே பாஷையில், ஓசைப்படாமல் எல்லாப் பெட்டியிலும் நுழைந்து போகும் ஆள். அதை விழுங்கக்கூடிய லித்தியம்-6ஐத் துத்தநாக சல்பைடுடன் கலந்து திரை செய்கிறார்கள். நியூட்ரானை விழுங்கிய லித்தியம் இரண்டாக உடைகிறது. உடைந்த துண்டுகள் பட்டுச் சல்பைடு மினுக்கென்று ஒளிர்கிறது. அந்த ஒளியைக் காமிரா பிடிக்கும்.

ஆனால் சல்பைடு தன் ஒளியைத் தானே மறைக்கும். திரையைத் தடிமனாக்க முடியாது. இயற்கை லித்தியத்தில் லித்தியம்-6 நூற்றுக்கு ஏழரைதான். ஹீலியம்-3 வாயுக் குழாய்களை நம்பியிருந்த நாடுகளுக்கு 2008ஐ ஒட்டி அந்த வாயுவும் தட்டுப்பட்டது. ஆகவே புதிய ஒளிர்பொருள் தேடுகிறார்கள். பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் செரியம் கலந்த கடோலினியக் கார்னெட் படிகங்களை வளர்த்திருக்கிறார்கள். நியூட்ரானை விழுங்குவதில் கடோலினியம் பெரும் பசிக்காரன். காமாக் கதிர் பட்டாலும் இப்படிகம் மினுக்கும்; எது எதனால் வந்த ஒளி என்று பிரிப்பதுதான் தலைவலி. லித்தியம் அயோடைடு நல்ல படிகம், ஆனால் ஈரம் ஆகாது.

"அப்ப இந்த மழையிலே தாங்காது" என்றார் பெரியவர், குடையை விரித்தபடி.

"கண்ணாடிச் சன்னல் வைத்த உலோகப் பெட்டியில் அடைத்துத்தான் வைக்க வேண்டும், அண்ணாச்சி."