மூக்கிரட்டையும் சிறுபீளையும்

அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டு மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் சாலையோரங்களிலும் வீடு எழும்பாத மனைகளிலும் ஒரு மழைக்குப் பின் தரையோடு தரையாகப் படர்ந்துவிடும் மூக்கிரட்டையையும், போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்து வீட்டில் காப்புக் கட்டுகிற பூளைப்பூவாகிய சிறுபீளையையும் பார்த்திராத சேலத்துக்காரர் அரிது. ஆயினும் சித்த வைத்தியம் இவற்றைச் சிறுநீரகத்துக்கு உகந்தவையாகப் போற்றுவதன் காரணத்தை அறிந்தவர் சிலரே.

அக்காரணம் விளங்க, முதலில் சிறுநீரகம் கழிக்கும் யூரிக் அமிலத்தை அறிய வேண்டும். உணவிலும், சரீரத்தில் அழிந்துபடும் உயிரணுக்களிலும் உள்ள பியூரின் என்னும் பொருள் சிதைவதால் விளையும் கழிவே யூரிக் அமிலம். 1776-ல் ஷீலே என்னும் ஸ்வீடன் தேசத்து ரசாயன சாஸ்திரி சிறுநீர்க் கல்லிலிருந்து பிரித்தறிந்த இவ்வமிலத்தில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன. ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராமுக்கு மேல் இது தேங்கினால், ஊசி முனைப் படிகங்களாகிக் கால் பெருவிரல் மூட்டில் படிந்து, போர்வை பட்டாலும் பொறுக்கவொண்ணாத வேதனையைத் தரக்கூடும். சிறுநீரகத்தில் கல்லாகத் திரள்வதும் உண்டு.

மூக்கிரட்டை இலையின் அடிப்புறம் வெளுத்திருக்கும்; நீண்ட காம்புகளில் சின்னஞ்சிறு செவ்வூதாப் பூக்கள் நிற்கும்; பிசுபிசுப்பான காய்கள் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும். இதனோடு மயங்கத்தக்க சாரணையோ, சதைப்பற்றான இலைகளின் கக்கத்தில் தன் பூவை ஒளித்துவைத்திருக்கும். மூக்கிரட்டையின் இளந்தளிரைப் பாசிப்பருப்பும் பூண்டும் சேர்த்து வேகவைத்துக் கடைந்து சோற்றில் பிசைந்து உண்பதும், சிறுபீளையை இடித்து நீரிட்டுச் சுண்டக் காய்ச்சிய குடிநீரைக் கல்லடைப்புக்குக் கொடுப்பதும் பூர்வீக வழக்கங்கள். இரண்டும் சிறுநீரைப் பெருக்கும் குணமுடையவை எனக் கொள்ளப்படுவதால், கழிவு அடர்ந்து படிகமாவதற்கு இடம் குறையும் என்பதே இவ்வழக்கத்தின் தத்துவம். சேலத்துக் கோடையில் வியர்த்து உழைப்பவருக்கோ, தாராளமாகத் தண்ணீர் குடிப்பதே இதனினும் முதன்மையான ஔஷதம்.

எனினும் இவை ரத்தத்து யூரிக் அமிலத்தைக் குறைக்கின்றன என்பது மனிதரிடையே விரிவான சோதனைகளால் நிரூபணமாகவில்லை. ஆகவே வைத்தியர் அளித்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்புதல் தகாது. அதைவிட முக்கியமாக, ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கு நன்மை செய்யும் கீரையின் பொட்டாசியமே, பழுதுற்ற சிறுநீரகம் கழிக்கமாட்டாது தேங்கும்போது இருதயத் துடிப்பையே குலைத்துவிடும். ஆதலால் சிறுநீரகம் தளர்ந்தவர்கள் கிரியாட்டினின், பொட்டாசியம் அளவுகளைப் பரிசோதித்து, வைத்தியரைக் கேட்ட பின்னரே இவற்றைத் தொட வேண்டும்; ஏனையோர் மாமிசத்தையும் மதுவையும் குறைத்து, சாக்கடை நீர் படாத இடத்தில் பறித்த மூக்கிரட்டையை மற்றக் கீரைகளைப் போல அவ்வப்போது அளவோடு உண்டுவரலாம்.