மெழுகுக்குள் ஒரு சாட்சி

மாங்காய் கெடாமலிருக்க நாம் உப்பும் எண்ணெயும் போடுகிறோம். ஆஸ்பத்திரியில் மிளகளவு சதை கெடாமலிருக்க ஃபார்மலினும் மெழுகும் போடுகிறார்கள். நம் ஊறுகாய் ஒரு வருஷம் தாங்கினாலே பெருமை. அந்த மெழுகுக் கட்டியோ அலமாரியில் பல வருஷம் கிடக்கும்; கேட்டால் பதிலும் சொல்லும்!

இது எனக்குத் தெரிய வந்தது எங்கள் நங்கையாளால். (எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை அப்படித்தான் சொல்வோம்.) ஆனைமலையில் தோப்பையும் மாட்டையும் பார்த்துப் பார்த்து, தன் உடம்பைப் பார்க்காமலே இருந்துவிட்டவர். மாதவிலக்குக்கு நடுவிலும் உதிரம் படவே, கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனேன். கர்ப்பப்பை வாயிலிருந்து துணுக்குச் சதை எடுத்தார்கள். சில வாரம் கழித்து, மறுபடி சதை எடுக்காமல், மெழுகில் வைத்திருந்த அதே துணுக்கிலேயே இன்னொரு சோதனையும் செய்தார்கள். 'ஹெச்.பி.வி. 16 இருக்கிறது' என்று வந்தது.

தாம்பத்திய உறவில் பரவும் கிருமி என்று கேட்டதும் நங்கையா இடிந்துபோய்விட்டார். "நான் என்னங்க தப்புப் பண்ணினேன், அம்மிணி? இல்ல, உங்க அண்ணனைச் சந்தேகப்படறதா?"

டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "யாரையும் சந்தேகப்படாதீங்கம்மா. வாழ்க்கையில் எப்போதாவது ஒருமுறை இது பெரும்பாலோருக்கு வரும். இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அநேகமாக விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் சத்தமில்லாமல் தங்கிவிடும். எப்போது வந்தது, யாரால் வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது."

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சதையிலுள்ள நீரை நீக்கி, உருக்கிய மெழுகை ஊற வைக்கிறார்கள். ஆறியதும் வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவுகிறார்கள். ஒரு மில்லிமீட்டரை 200 பங்காக்கினால் ஒரு பங்கு கனம்! அந்தச் சீவலில் கிருமியின் மரபணுவைத் தேடுகிறார்கள். ஃபார்மலினில் மரபணு துண்டு துண்டாகிவிடுமாம். அதனால் சின்னத் துண்டுகளையே தேட வேண்டும். ஒருவருடைய கட்டியைச் சீவிய பிளேடால் அடுத்தவருடையதைச் சீவுவதில்லை. மிளகாய் நறுக்கிய கத்தியால் குழந்தைக்குப் பழம் நறுக்குவோமா, அதுபோலத்தான்.

இக்கிருமியில் 200-க்கு மேல் வகை உண்டு. ஆபத்தானவை சுமார் 14. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் 16-ஆம் வகையை 1983-ல் கண்டறிந்த ஜெர்மானியர் ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு 38 நாடுகளிலிருந்து 10,575 பெண்களின் மெழுகுக் கட்டிகளைச் சோதித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 85 பேரின் சதையில் கிருமி அகப்பட்டது. அவற்றில் 71 சதவீதம் 16, 18 ஆகிய இரண்டே வகைகள்!

நமக்கு இதில் ஆறுதலும் உண்டு. கிருமி தங்கிப் புற்றாக மாறப் பொதுவாக 15, 20 வருஷமாகும். அதற்குள் பிடித்துவிடலாம். பழனி வழியே போனால் வரும் ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில், 2000-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். கிராமத்துப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் வெறும் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். வெள்ளையாகத் தெரிந்த இடத்துக்குச் சிகிச்சை. சோதனை செய்யாத கிராமங்களைவிட இந்நோயால் இறப்பு 35 சதவீதம் குறைந்தது.

எங்கள் நங்கையாளுக்கும் புற்றாகுமுன்பே தெரிந்ததால், கெட்ட பகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே, சகோதரிகளே! 30 வயதைத் தாண்டினால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். வசதியிருந்தால் 35-லும் 45-லும் ஹெச்.பி.வி. சோதனை. உறவுக்குப் பின்னோ, மாதவிலக்கு நின்ற பின்னோ உதிரம் பட்டால், துர்நாற்றத்தோடு வெள்ளைபட்டால், நாள் கடத்தாதீர்கள். 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைக்குத் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சதை எடுத்துச் சோதித்திருந்தால் ரிப்போர்ட்டையும் அதிலுள்ள எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். வேறு ஆஸ்பத்திரி போனாலும் அந்தக் கட்டியைக் கேட்டு வாங்கலாம்.

கிருமி இருக்கிறது என்று வந்தால் அது பழிச்சொல் அல்ல, புற்றுநோயும் அல்ல. முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கை, அவ்வளவே.