கால் மரத்தால் வயிற்றில் ஆபரேஷனா?

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால், தென்காசியில் வீட்டுக்கு வீடு விருந்தாளிதான். அருவியில் குளித்துவிட்டுப் பாறையில் வெறுங்காலோடு நடக்கிறோம். கல் குத்தினால் கால் தானாகவே விலகிக்கொள்ளும். ஆனால் பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்கள் சிலருக்கு அந்தக் குத்தலே தெரிவதில்லை. முதலில் ராத்திரியில் பாதம் எரியும், எறும்பு ஊர்கிறாற்போல இருக்கும், பிறகு மரத்துவிடும். சர்க்கரை நரம்பைக் கெடுப்பதன் அடையாளம் இது.

"வயிற்றைச் சின்னதாக்குற ஆபரேஷன் செஞ்சா நரம்பும் தேறிடுமாமே?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்கள். சகோதரிகளே, நியாயமான கேள்விதான். கெட்ட நரம்பைச் சரிசெய்யும் மாத்திரை இன்னும் வரவில்லை. எரிச்சலைத் தணிக்கத்தான் மருந்து உண்டு.

இந்த ஆபரேஷனால் பசி குறைந்து, எடை இறங்கி, சர்க்கரையும் கட்டுப்படுகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் மிகவும் பருமனானவர்களைப் பரிசோதித்து 2023-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷத்தில் கால் நரம்பு மேற்கொண்டு கெடவில்லை. தொடையில் கொஞ்சம் தேறியும் இருந்தது. நல்ல சேதி. ஆனாலும் இதுவே கைகண்ட வைத்தியம் என்று சொல்ல இன்னும் ஆய்வு வேண்டும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. ஒல்லியாக இருந்தும் சர்க்கரை உள்ளவர்கள் நம்மில் ஏராளம். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு 27.5-ஐத் தாண்டினால் ஆசிய நாட்டவருக்கு யோசிக்கலாம் என்பது 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது சுமார் 66 கிலோ. அந்த எடை வந்ததுமே ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு பி1, பி12 சத்துக் குறைந்தால், அதனாலேயே நரம்பு கெடும்! சத்து மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுசுக்கும் தொடர வேண்டும். 2024 ஏப்ரலில் சென்னைப் பக்கம் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு வந்த இளைஞர் ஒருவர் இறந்துபோக, அரசு விசாரணை நடந்தது. தீவிர சிகிச்சை வசதி இருக்கிறதா என்று கேட்டறியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆபரேஷன் வேண்டுமோ வேண்டாமோ, இவற்றை இன்றே தொடங்கலாம்:

* தினமும் படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.
* வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.
* உச்சிவெயிலில் கோயில் பிராகாரம் சுற்ற வேண்டாம். காசி விசுவநாதரைக் காலையிலோ மாலையிலோ தரிசிக்கலாமே!
* 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்தால், கால் மரத்திருப்பதையும் சொல்லுங்கள்.
* சின்னப் புண்ணானாலும் மஞ்சள் பற்றுப் போட்டு நாள் கடத்தாமல், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.