கட்டில் ஓரத்து இடம்

வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றி எத்தனை பேர் நிற்க முடியும்? பெரிய டாக்டர் நோயாளியின் வயிற்றை அழுத்திப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் மூன்று நான்கு மாணவர்களுக்கு அவர் விரல் போகும் இடம் தெரியும். எட்டாவது ஆளுக்கு, முன்னால் நிற்பவரின் வெள்ளைக் கோட்டு முதுகுதான் தெரியும். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகள் அடித்துக்கொள்வது இந்தக் கட்டில் ஓரத்து இடத்துக்காகத்தான்.

நம்மூரில் ஆஸ்பத்திரியைக் காட்டாமல் கல்லூரிக்கு அனுமதி கிடைக்காது. (இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் படுக்கை நிரம்பும் கதை தனி.) அங்கே பல கல்லூரிகளுக்குச் சொந்த ஆஸ்பத்திரி கிடையாது. முதல் இரண்டு வருஷம் வகுப்பறையில் போகும். அதன்பிறகு மாணவர்களை வெளி ஆஸ்பத்திரிகளுக்கு மெடிசின், சர்ஜரி, பிரசவம், குழந்தைகள் என்று சில வாரம் வீதம் மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். இதற்குத்தான் ரொட்டேஷன் என்று பெயர்.

அமெரிக்கர்கள் பலர் போய்ப் படிக்கும் கரீபியன் தீவுக் கல்லூரிகளுக்கு இதில் கைகொடுத்தது பணம். கிரனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் பல்கலைக்கழகம், நியூயார்க் நகரின் 11 பொது ஆஸ்பத்திரிகளை நடத்தும் அமைப்போடு 10 வருஷ ஒப்பந்தம் போட்டது. தொகை 10 கோடி டாலர் வரை. 2008-ல் விஷயம் பெரிய சர்ச்சையானது. காசு கொடுக்காமலே மாணவர்களை அனுப்பிப் பழகிய உள்ளூர்க் கல்லூரிகள் கொதித்தன. ஏழை நோயாளிகளைப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பணம் தேவை என்பதும் நியாயம்தான். ஆனால் அந்தக் காசு கடைசியில் மாணவர் கட்டும் ஃபீஸிலிருந்து, பெரும்பாலும் கடனிலிருந்து வருகிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

ரொட்டேஷனில் கிடைப்பது பாடம் மட்டுமல்ல. கூடவே வைத்து வேலை வாங்கிய டாக்டர் எழுதித்தரும் சிபாரிசுக் கடிதம் இல்லாமல் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எடுக்கும் பயிற்சி, கிடைப்பது கஷ்டம். பட்டம் கையில் இருந்தாலும், ரெசிடென்சி செய்யாதவருக்கு அங்கே பொதுவாக லைசென்ஸ் இல்லை. மாணவரும் ஆஸ்பத்திரியும் ஆளுக்கொரு விருப்ப வரிசை கொடுக்க, கம்ப்யூட்டர் ஜோடி சேர்க்கும். 1952 முதல் நடக்கும் இதை 'மேட்ச்' என்கிறார்கள். ஜாதகப் பொருத்தம் ஞாபகம் வந்தால் தப்பில்லை. மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை மெயில் வரும்: இடம் உண்டு, அல்லது இல்லை. எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

2024-ல் அமெரிக்க எம்.டி. (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) கல்லூரி இறுதியாண்டு மாணவர்களில் 93 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இடம் பிடித்தார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அமெரிக்கர்களில் மூன்றில் இரண்டு பங்குதான். சென்னையிலோ மதுரையிலோ எம்.பி.பி.எஸ். முடித்துப் போகும் நம் பிள்ளைகள் சேர்ந்த பிரிவு 60 சதவீதத்தைத் தொடவில்லை.

ரெசிடென்சி இடம் ஏன் தேவைக்கேற்பக் கூடவில்லை? ரெசிடென்சிப் பயிற்சிச் செலவில் பெரும்பங்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டிலிருந்து வருகிறது. 1996-ல் எத்தனை பேரோ அத்தனை பேருக்குத்தான் பணம் என்று 1997-ல் ஒரு சட்டம் கட்டிப்போட்டது. அதற்குப் பிறகும் புதுக் கல்லூரிகள் வந்துகொண்டே இருந்தன. 2020 டிசம்பரில் 1,000 இடம் கூட்டச் சம்மதித்தார்கள், அதுவும் வருஷத்துக்கு 200-க்கு மிகாமல். முதல் தவணை 2023-ல்தான் வந்தது.