மூலத்தைத் தேடிய மொழிபெயர்ப்பாளர்

மொழிபெயர்ப்பாளர் என்றதும், அகராதியும் கையுமாக அமர்ந்திருக்கும் ஒருவரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. ஒரு மொழிச் சொல்லை எடுத்துவிட்டு வேறொரு மொழிச் சொல்லை வைப்பதே அவர் தொழில் என்று பலரும் எண்ணுகின்றனர். அத்தொழில் உண்மையில் எங்கே தொடங்குகிறது என்பதை, ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் அறிஞரின் வரலாற்றிலிருந்துதான் நான் அறிந்துகொண்டேன். அதனைச் சுருக்கமாக இங்குக் காண்போம்.

பாக்தாதும் ஹுனைனும்

762ஆம் ஆண்டில் அப்பாசியக் கலீபா அல்-மன்சூர் பாக்தாத் நகரை நிறுவினார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் கிரேக்கரின் மருத்துவம், கணிதம், வானியல், தத்துவம் ஆகியவை பெரும்பாலும் அரபி மொழிக்கு வந்துசேர்ந்தன. கலீபாக்கள் மட்டுமல்லாமல், செல்வம் படைத்த அறிஞர்களும் இப்பணிக்குப் பொருளுதவி செய்தனர். பனூ மூஸா எனப்பட்ட மூன்று சகோதரர்கள் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மாதம் 500 தினார் வரை அளித்தனர் என்பர்.

ஹுனைன் 808ஆம் ஆண்டளவில், இன்றைய ஈராக்கிலுள்ள ஹீரா என்னும் ஊரில் பிறந்தார், சமயத்தால் கிறித்தவர், தொழிலால் மருத்துவர். சிரியாக், அரபி, கிரேக்கம் ஆகிய மொழிகளில் வல்லவர். கிரேக்க மருத்துவ மேதை கேலனின் நூல்களைப் பெயர்ப்பதே அவருடைய வாழ்நாட்பணியாயிற்று. இஸ்லாமியப் புரவலர்களுக்காக ஒரு கிறித்தவர், அவ்விரு சமயங்களையும் சாராத ஒரு கிரேக்கரின் நூல்களைப் பெயர்த்தார். அறிவுக்கு வேலி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

ஒரு கடிதம் கூறும் உண்மை

ஹுனைனின் பெயர்ப்புகளுக்கு எடைக்கு எடை பொன் வழங்கப்பட்டது என்று ஒரு கதை உண்டு. அக்கதையைவிடச் சுவையானது அவரே எழுதிய ஒரு கடிதம். 856ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அக்கடிதத்தில், கேலனின் 129 நூல்களைப் பற்றி, எதனை யார், எவருக்காகப் பெயர்த்தார் என்று குறித்துள்ளார்.

ஏறத்தாழ இருபது வயதில், பிழை மலிந்த ஒரே ஒரு கிரேக்கப் படியை வைத்துக்கொண்டு ஒரு நூலைப் பெயர்த்தார். நாற்பது வயதளவில், அதனைத் திருத்தித் தருமாறு மாணவர் ஹுபைஷ் வேண்டினார். அதற்குள் அந்நூலின் கிரேக்கப் படிகள் பல ஹுனைனிடம் சேர்ந்திருந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதலில் மூலத்தைச் செம்மை செய்தார். பிறகே தம் பழைய பெயர்ப்பைத் திருத்தினார். இதுவே அவரது வழக்கமும் ஆயிற்று.

கேலனின் தருக்க நூல் ஒன்றைத் தேடி சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என அலைந்து அலெக்சாந்திரியா வரை சென்றார். தமாஸ்கஸில் ஏறக்குறையப் பாதி மட்டுமே கிடைத்தது!

சொல்லும் பொருளும்

அக்கால மொழிபெயர்ப்பில் இரு நெறிகள் இருந்தன. ஒன்று, சொல்லுக்குச் சொல் வைப்பது. மற்றொன்று, வாக்கியம் முழுவதையும் படித்து, பொருளை உணர்ந்து, தம் மொழியின் இயல்புக்கேற்ப எழுதுவது. ஹுனைன் இரண்டாம் நெறியினர்.

கலைச்சொற்களையும் அவ்வாறே பொருளறிந்து அமைத்தனர். கண்ணின் உட்படலத்தைக் கிரேக்கர் வலைக்கு ஒப்பிட்டனர். அரபியிலும் வலையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் பிறந்தது. பின்னர் லத்தீனிலும் அவ்வாறே அமைந்து, இன்று 'ரெட்டினா' என வழங்குகிறது.

விளைந்த பயன்

கேலனின் உடற்கூற்று நூல் 15 பகுதிகளைக் கொண்டது. கிரேக்க மூலத்தில் முதல் எட்டுப் பகுதிகளும் ஒன்பதாவதன் தொடக்கமும் மட்டுமே எஞ்சின. மற்றவை ஹுனைன் குழுவினரின் அரபிப் பெயர்ப்பால்தான் இன்று நமக்குக் கிடைக்கின்றன. மூலம் அழிந்தது, பெயர்ப்பு வாழ்கிறது. அன்று அவர்கள் ஏனோதானோவென்று எழுதியிருந்தால், அதனை ஒப்பிட்டுத் திருத்த இன்று வழியே இராது.

873இல் மறைந்த ஹுனைன் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே: பெயர்க்கப் புகுமுன் மூலத்தைச் செம்மையாக்குக, பெயர்த்தபின்னும் திருத்த அஞ்சற்க. பிறநாட்டு அறிவைத் தம் மொழிக்குக் கொணர விரும்பும் மாணவ நண்பர்கள் இதனை நெஞ்சில் நிறுத்துதல் நன்று.