குளவியும் கரப்பான் பூச்சியும்: ஒரு நம்பிக்கையும் அதன் விளக்கமும்

குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னினமாக மாற்றிவிடுகிறது என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கையாகும். சமய தத்துவ விளக்கங்களிலும் இஃது உவமையாகக் கையாளப்பட்டுள்ளது. கூட்டினுள் புழு செல்வதும், பின்னர் குளவி வெளிவருவதும் உண்மையே. தவறு காட்சியில் அன்று. அதிலிருந்து பெற்ற முடிவிலேயே உள்ளது. புழுவுக்குப் பதிலாகக் கரப்பான் பூச்சியை வேட்டையாடும் தனிவாழ் குளவி ஒன்றின் வாழ்க்கையை நோக்குவோமாயின் இது தெளிவாகும்.

தென்னாசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாழும் அம்புலெக்ஸ் கொம்பிறெசா என்னும் அக்குளவி, நீலப்பச்சையாக மின்னும் உடலுடையது. பெண்குளவி தன்னினும் பெரிய கரப்பான் பூச்சியை இருமுறை கொட்டும். முதற் கொட்டு நெஞ்சறையில் விழ, முன்கால்கள் சில நிமிடங்கள் செயலிழக்கும். அடுத்த கொட்டு கழுத்தினூடாகத் தலையின் நரம்புத் திரட்டுகளையே சென்றடையும். 2003 ஆம் ஆண்டில் இஸ்ரேலின் பென் கூரியன் பல்கலைக்கழக ஆய்வாளர், நஞ்சிற் கதிர்த்தொழிற்பாட்டு அடையாளமிட்டு இதனை நிறுவினர்.

கொட்டுப்பட்ட பூச்சி ஏறத்தாழ அரைமணி நேரம் தன்னுடலைத் துப்புரவு செய்துகொண்டிருக்கும். அதன்பின் அது நடக்கும் ஆற்றலை இழப்பதில்லை. தானாக நடக்கத் தொடங்கும் உந்துதலையே இழக்கிறது. குளவி அதன் உணர்கொம்புகளைக் கடித்துக் குறைத்து, கசியும் குருதியைப் பருகி, எஞ்சிய கொம்பைப் பற்றி இழுக்க, அது பொந்துவரை நடந்து செல்லும். அதன் நடுக்காலின் அடிப்பகுதியில் ஒரு முட்டையை ஒட்டி, வாயிலைச் சிறு கற்களாலும் சருகுகளாலும் அடைத்துவிட்டுக் குளவி அகலும். ஏறத்தாழ மூன்று நாளிற் பொரிக்கும் குடம்பி, முதலில் வெளியிலிருந்தும் பின்னர் உள்ளே புகுந்தும் பூச்சியை உண்ணும். அவ்வுடலினுள்ளேயே கூடு கட்டிச் சில வாரங்களின் பின் குளவியாக வெளிவரும்.

எனவே இங்கு ஓருயிர் மற்றோருயிராக மாறவில்லை. ஒன்று மற்றொன்றுக்கு உணவாயிற்று. புழுக்களை வேட்டையாடும் குளவிகளின் கூட்டில் நிகழ்வதும் இதுவே.

இழந்த அவ்வுந்துதலும் ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று. ஒக்ரோபமைன் என்னும் நரம்பு இரசாயனத்தைச் செலுத்தியபோது, கொட்டுப்பட்ட பூச்சிகள் ஓரளவு மீண்டும் தாமாக நடந்தமை 2007 இல் வெளியான ஆய்வொன்றிற் காட்டப்பட்டது. பூச்சியின் 'விருப்பம்' என நாம் கருதக்கூடியதற்கும் பௌதிக அடிப்படை உண்டென்பதை இது உணர்த்துகிறது.

நம் முன்னோர் கூர்ந்து நோக்கியவர்களே. ஆயின் அடைக்கப்பட்ட கூட்டைத் திறந்து பார்த்தல் என்னும் அடுத்த படியை அவ்வுவமை வேண்டி நிற்கவில்லை. உவமை கருத்தை விளக்க உதவும், அது சான்றாகிவிடாது. இவ்வேறுபாட்டை மறவாதிருத்தல் நமது கல்விக்கு இன்றியமையாததாகும்.